கதவடைச்சான் வகையறா

கொடும்பைக்குடி அய்யனார் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்து, பந்தக்கால் ஊன்றி, ஊர் முழுக்க மைக்செட் கட்டிப் பாட்டுப் போட ஆரம்பித்திருந்த சமயத்தில், ஒரு வியாழக்கிழமை காலை, பால் வண்டி போன பிறகும் மினிபஸ் வருவதற்கு முன்னாலும், எடைமேடை மாயழகுவின் வீட்டு வாசலுக்கு ஒரு பெண் வந்து நின்று, விரியத் திறந்து கிடந்த கதவைத் தட்டினாள். திறந்த கதவைத் தட்டிக் கூப்பிடுகிறவர்கள் உண்டுதான், ஆனால் அவர்கள் பலகையில் தட்டுவார்கள். இவள் தட்டியது இரண்டு கதவுக்கும் நடுவே வெறும் காற்று மட்டும் இருந்த இடத்தில். அங்கே அவள் விரலை மடக்கித் தட்டத் தட்ட, தடித்த பழைய மரக்கதவில் விழுகிற சத்தம் டொக் டொக்கென்று வீட்டுக்குள் கேட்டது.

"அண்ணே, வெள்ளச்சி வந்திருக்கேன். கதவத் தெறண்ணே."

உள்ளே நீராகாரம் குடித்துக்கொண்டிருந்த மாயழகு நிமிர்ந்து பார்த்தார். இருபத்தைந்து வயது இருக்கலாம், கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தி, ரவிக்கை இல்லாமல் பழைய காலத்துக் கட்டாகச் சுற்றிய செம்மண் நிறச் சேலையில், கையில் ஒரு மண்கலயத்தோடு நின்றாள். நாலு எட்டு தூரத்தில் அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்த அவரை அவள் பார்க்கவில்லை. சாத்திய கதவைப் பார்க்கிற மாதிரி காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாயழகுவுக்குப் பயம் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. யார் வாசலுக்கு வந்தாலும் அவருக்கு முதலில் வருகிற எண்ணம்தான் வந்தது. இவள் என்னத்தைக் கேட்டு வந்திருக்கிறாள்?

இதைத் தொழில் கற்றுக்கொடுத்த குணம் என்று வெளியாட்கள் சொல்வார்கள். மெயின் ரோட்டில் லாரி எடை போடும் மேடை வைத்திருந்தார் மாயழகு. சீமைக்கருவேல் மூட்டம் போட்டு எரித்த கரி லாரி லாரியாக அதன் மேல் ஏறி இறங்கும். கரிக்குத் தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டுகிறவன், காலி வண்டியை எடை போடும்போது கிளீனரைக் கீழே இறக்கிவிட்டுச் சரக்கோடு போடும்போது உள்ளே படுக்க வைக்கிறவன், எல்லாரையும் பார்த்துப் பார்த்து, கரியை மோந்தே ஈரம் சொல்கிற மூக்கும், எதையும் இரண்டு தடவை எடை போடுகிற கையும் அவருக்கு வந்திருந்தன. தொழில் என்ன தொழில், அந்த வகையறா ரத்தமே அப்படித்தான் என்பாள் அவர் மனைவி பஞ்சவர்ணம். கல்யாணமாகி வந்த புதிதில், அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கை அவர் எண்ணிப் பார்த்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

அவர்கள் வகையறாவுக்குக் கதவடைச்சான் வகையறா என்று பெயர். மஞ்சுவிரட்டில் மைக்காரன், "இதோ வருது கதவடைச்சான் வகையறா காளை" என்று கத்தும்போது, அந்த வீட்டுக் கைக்குழந்தைகூட முதுகை நிமிர்த்தும் என்று சொல்வார்கள். கும்பினிக்கார வெள்ளைக்காரன் பீரங்கி வண்டியோடு வந்தபோது, ஊருக்கு மேற்கே இன்று மண்மேடாகக் கிடக்கிற கோட்டையின் கதவை, ஒற்றை ஆளாக முதுகு கொடுத்து அடைத்து நின்றவன் சாத்தையா. அவன் வழி வந்தவர்கள் நாங்கள் என்று கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் சொல்லிச் சொல்லி, அந்தக் கதவின் உயரமும் பீரங்கியின் எண்ணிக்கையும் தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே வந்திருந்தன. இப்போது கோயில் வாசலில் கருங்கல் பதித்து, திருப்பணிக்குத் தோள் கொடுத்த ஒவ்வொரு வகையறாவின் பெயரையும் அது வந்த கதையையும் வெட்டி வைப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகி, தங்கள் வகையறாவின் பூர்வீகத்தை விசாரித்து வாசகம் சொல்கிற பொறுப்பு மூத்த பங்காளியான மாயழகு தலையில் விழுந்தது.

அவரும் விசாரிக்கத்தான் செய்தார். மாசிப் படையலில் செத்தவர் பெயரை வரிசையாகச் சொல்லிக் கும்பிடுவது அந்த வீட்டு வழக்கம். அதே வரிசையில் ஏறிப் போனார். அப்பா, அதற்கு மேலே அய்யா, அதற்கு மேலே பூட்டன், அதற்கு மேலே ஓட்டன் சாத்தையா. அதோடு ஏணி முடிந்துவிட்டது. ஆளுக்கு எவ்வளவு ஆயுசைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தாலும் சாத்தையா கும்பினிக்காரன் சண்டைக்குப் போய் எட்டவில்லை. கோட்டை இடிந்து தரைமட்டமாகி இரண்டு தலைமுறை கழித்து, தாது வருஷத்துப் பஞ்சத்தில்தான் போய் நின்றார். இத்தனை காலம் அந்த வகையறாவில் ஒருத்தரும் அதை எண்ணிப் பார்த்ததில்லை. கண்டவன் வண்டியை எல்லாம் இரண்டு தடவை எடை போட்ட மாயழகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, இதை இரண்டாம் தடவை எடை போடாமல் விட்டார். கல் கொத்துகிற பரஞ்சோதி ஆசாரியிடம் போய்க் கோட்டைக் கதவு என்றே சொல்லிவிட்டும் வந்தார். அதற்கு அடுத்த நாள்தான் இவள் வந்து தட்டினாள்.

அவர் எழுந்து, கதவு வழியாக எந்தத் தடையும் இல்லாமல் வெளியே வந்து, அவள் பக்கத்தில் நின்றார்.

"யாரும்மா நீ? யாரு வேணும் ஒனக்கு?"

"இது எங்கண்ணன் சாத்தையா வீடு. நான் அவுக தங்கச்சி. நீங்க யாரு அசலூரா?"

மாயழகு தெருவின் இரண்டு முனையையும் பார்த்தார். யாரோ எங்கேயோ ஒளிந்து நின்று சிரிக்கிறார்கள் என்று தோன்றியது.

"உள்ளுக்குள்ள நெல்லுச்சோறு வேகுற வாசம் வருதுங்க. ஆள் இருக்காக. எனக்கு ஒண்ணும் வேணாம். பிள்ளைய ஊருணிக்கரைப் புளியமரத்தடியில உக்கார வச்சிட்டு வந்திருக்கேன். அதுக்கு ஒரு பிடி வாங்கிட்டு ஓடிருவேன். கொஞ்சம் எங்கண்ணனக் கூப்பிடுங்களேன்."

மினிபஸ் வருவதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது, பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் சேர்ந்து மீதி ஊரும் ஆகிவிட்டது. ஆளுக்கொரு சந்தேகம். டிவிக்காரன் கேமராவை மறைத்து வைத்து ஏமாற்றுகிற நிகழ்ச்சி என்று டீக்கடையில் சொன்னார்கள். உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, அதற்கு முன்னால் இப்படி ஏதாவது கிளம்பும் என்றார் ஒருவர். பேயா என்று பார்க்க, தலையாரி குனிந்து அவள் கால் தரையில் பாவுகிறதா என்று சோதித்தார். நன்றாகவே பாவியது. பாதம் முழுக்க வெடிப்பு. நிழலும் விழுந்தது, கொசுவும் கடித்தது. பிள்ளை எங்கே என்று பார்க்கப் போனவர்கள் உடனே திரும்பி வந்தார்கள், ஏனென்றால் ஊருணியைத் தூர்த்துத்தான் பஸ் ஸ்டாண்டே கட்டியிருந்தது. "அங்க புளியமரமும் இல்ல, பிள்ளையும் இல்ல. பொய் சொல்றா" என்று அவர்கள் வந்து சொன்னபோது, அவள் அவர்கள் முகத்தைப் பார்த்து, "நல்லாப் பாத்தீகளா? நீலக் கயிறு கட்டியிருப்பான் இடுப்புல" என்றாள்.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். ஆதார் கார்டு கேட்டார். அவள் கலயத்தைக் காட்டினாள். திறந்த வீட்டின் முன்னால் நின்று கதவைத் தட்டுவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று அவருக்குப் பிடிபடாமல், டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தச்சாசாரியை அழைத்து வந்து இரண்டு கதவையும் கழற்றிக் கீழே சாய்த்தார்கள். சத்தம் அதே இடத்தில் வந்தது. நிலையையும் பெயர்த்தார்கள், சுவரில் பெரிய ஓட்டைதான் மிஞ்சியது, அந்த ஓட்டை வழியாக ஆடு போனது, கோழி போனது, மாயழகு போய் வந்துகொண்டிருந்தார், வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட உள்ளே போய்த் தண்ணீர் குடித்து வந்தார்கள், அவள் மட்டும் அதன் முன்னே நின்று கண்ணுக்குத் தெரியாத மரத்தைத் தட்டினாள். பக்கச் சந்து வழியாகக் கொல்லைப்புறம் வா என்று கூப்பிட்டதற்கு, "சந்து வழியா நான் எதுக்கு நுழையணும்? நான் என்ன திருடியா, இந்த வீட்டுல பொறந்தவதானே" என்று கேட்டாள். வெளியே இலை போட்டுச் சோறு வைத்தார்கள். அண்ணன் கையால் வாங்கினால்தான் என் பிள்ளைக்கு ஒட்டும் என்று சொல்லி, எச்சிலை விழுங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழைய நிலையையும் கதவையும் தச்சாசாரி மறுபடி பொருத்திவிட்டுப் போனார்.

அப்புறம் ஊர் அவளுக்குப் பழகிவிட்டது. ஊர் எதற்குத்தான் பழகாது? தட்டுகிற சத்தம் நடுவே கொஞ்சம் நின்றால், அடுப்படியில் இருக்கிற பெண்கள் என்னாச்சோ என்று எட்டிப் பார்த்தார்கள். வெயிலுக்குக் கோயில் பந்தலிலிருந்து ஒரு தட்டி கொண்டுவந்து அவள் தலைக்கு மேலே கட்டினார்கள். பலகாரக்கடைக்காரர் ஸ்டூல் போட்டார், அவள் உட்காரவில்லை, கடைக்கு வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சேதி பரவி, பக்கத்து ஊர்களிலிருந்து மினிபஸ் பிடித்துப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் அண்ணன் தம்பி வீட்டில் முகம் சுளிக்கக் கண்டவர்கள். வந்து அவள் பக்கத்தில் நின்று, யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவளிடம் சொல்லி, மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த பஸ்ஸில் போனார்கள். அதைக் கண்ட சுற்று வட்டார ஆண்கள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். நாளை நம்முடைய வாசலிலும் ஒருத்தி வந்து நின்றுவிட்டால்? வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தவன் எல்லாம் அக்காவுக்கும் தங்கைக்கும் போன் போட்டு, ஒன்றுமில்லை, சும்மாதான், சாப்பிட்டியா என்று கேட்டான். அந்த மாதம் கடைத்தெருவில் வாழைப்பழத் தாருக்கும் பூந்திக்கும் தட்டுப்பாடே வந்துவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தனை பேர் அவளிடம் பேசினார்களே, யார், எங்கே, எதற்கு என்று எல்லாம் கேட்டார்களே, அந்த வகையறாவில் ஒரு ஆண்பிள்ளைகூட அவளை 'வா' என்று சொல்லவில்லை. அந்தச் சீமையில் வாசலுக்கு வந்தவரை வா என்று கேட்காமல் இருப்பதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. சண்டைக்காரன் வந்தால்கூட முதலில் வா என்று சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவார்கள். பஞ்சவர்ணத்துக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "உள்ள வாங்க ஆத்தா" என்றாள். வெள்ளச்சி அவள் கன்னத்தைத் தடவினாள்.

"நீ வாக்கப்பட்டு வந்தவ தாயி. நீ சொன்னா எனக்குத் தெறக்காது. பொறந்தவன் சொல்லணும்."

அன்று சாயங்காலம் வகையறாக் கூட்டம் கூடியது. மாயழகுவுக்கு ஒன்றுவிட்ட தம்பி திருமேனி, ஊரில் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருப்பவர், எல்லாரும் பேசி ஓயட்டும் என்று காத்திருந்து வாயைத் திறந்தார்.

"வான்னு சொல்றது ஒரு வார்த்தைதான், இல்லைங்கல. சொன்னா அவ நம்ம வீட்டுப் பொறந்த பொண்ணு. பொறந்த பொண்ணு வாசல்ல நிக்கிறா, கதவு சாத்திக் கெடக்குன்னா, அண்ணே, அந்தக் கதவ அடைச்சது யாரு?"

கும்பினிக்காரனும் பீரங்கியும் கோட்டையும் அந்த நிமிஷத்தில் எல்லார் தலைக்கு மேலேயும் ஏறி இறங்கிப் போயின. ஏணியை எண்ணிப் பார்த்திருந்த மாயழகுவுக்கு மட்டும் அந்தக் கேள்வி எங்கே போய் முட்டும் என்று தெரிந்தது. கதவடைச்சான் என்கிற பெயரை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் அவர் ரோட்டில் நிமிர்ந்து நடந்தார். அது போனால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது, கரித்தூசியும் எடைச்சீட்டும்தானே?

வெளியே டீக்கடையில் வேலடி வகையறா தவசி, காலாகாலமாகக் கதவடைச்சானுக்குப் போட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். "கோட்டைக் கதவு கோட்டைக் கதவுன்னாய்ங்க, இப்பப் பாத்தா அடுப்படிக் கதவால்ல இருக்கும்போல!"

மாயழகுவுக்கு அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் விளங்கின மாதிரி இருந்தது. இது தானாக வந்ததில்லை. யாரோ அனுப்பியது. தவசிக்கு இவ்வளவு மூளை கிடையாது. இந்த வீட்டின் உள்விஷயம் தெரிந்தவள், இந்த வீட்டில் பிறந்தவள், இந்த வீட்டில் பங்கு வேண்டும் என்று நினைக்கிறவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

"பூமயிலு செட்டப்புப்பா இது" என்றார் கூட்டத்தில். "இன்னிக்கு இவள வான்னுட்டா, நாளைக்கி அவ வருவா, பொறந்த பொண்ணுக்குப் பங்கு உண்டுல்லன்னு. கிழக்க வயக்காட்டுல உள்ள செய்யில பாதியப் பிரின்னு நிப்பா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே அதுக்குத்தான் வந்தா. நான் பிடி குடுக்கல."

பூமயில் அவருடைய ஒரே தங்கை. கமுதிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. தாயார் செத்துக் கருமாதி முடிந்து கொஞ்ச நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் மத்தியானம் வந்து வாசல்படியில் ஒரு காலை வைத்து நின்றாள். அதற்கு முன்தினம்தான் திருமேனி, இப்போதெல்லாம் பெண்பிள்ளைகள் ஆபீசில் போய்ப் பட்டா விசாரிக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாயழகு டிவியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. வா என்று சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். கையில் இருந்த கருப்பட்டிப் பையைப் படியில் வைத்துவிட்டு, வந்த வழியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். பஞ்சவர்ணம் கொல்லையிலிருந்து வருவதற்குள் தெரு காலியாக இருந்தது. பிறகு அவள் வரவும் இல்லை, போன் எடுக்கவும் இல்லை. பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் பேசவில்லை என்று மாயழகு அதையும் தனக்குச் சாதகமாகவே எடை போட்டு வைத்துக்கொண்டார். அந்தக் கருப்பட்டியைக்கூட உடைத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

கூட்டத்தில் சொன்ன வார்த்தை கமுதிக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அடுத்த நாள் மத்தியான பஸ்ஸில் பூமயில் வந்து இறங்கினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து விறுவிறுவென்று நடந்து, ஸ்டூலில் இருந்தவர்களை விலக்கி, வெள்ளச்சியைத் தாண்டி, திறந்து கிடந்த வாசலுக்குள் வேகமாகக் காலை வைத்தவள், நெற்றி மடாரென்று மோத, பின்னால் வந்து விழுந்தாள்.

தெருவே வாயைப் பிளந்தது. பூமயில் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, காற்றைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கித் தட்டினாள். டொக் டொக்.

"அண்ணே! பட்டப்பகல்ல எதுக்குக் கதவ அடைச்சு வச்சிருக்க? தெற!"

மாயழகு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நாலு எட்டுதான். அவள் கண் தன்னைப் பார்க்காமல் நடுவே வெறும் காற்றில் நிற்பதைப் பார்த்தார். "நடிக்கிறா" என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னார். "ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டு நடிக்கிறாளுக."

"நெத்தியப் பாருங்க" என்றாள் பஞ்சவர்ணம்.

பூமயிலின் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம் எழுந்துகொண்டிருந்தது. நடுவே தோல் கிழிந்து, ரத்தம் மூக்கோரமாக இறங்கியது. எத்தனையோ கள்ள எடையைக் கண்டுபிடித்த கண் அது. அதில் பொய் எங்கே என்று அவர் எவ்வளவோ தேடினார், கிடைக்கவில்லை. எழுந்து வந்து, காலையிலிருந்து எத்தனையோ தடவை போய் வந்த அதே வாசலில் கையை நீட்டினார். கை முட்டியது. மரம். சொரசொரவென்ற பழைய மரம், குமிழ் குமிழாக ஆணித்தலைகள், அவர் வீட்டில் எப்போதும் இருந்திராத கதவு. தடவிக்கொண்டே போன விரலில் தாழ்ப்பாள் பட்டது. அது ஜில்லென்று இருக்கும் என்று நினைத்தார். யாரோ இப்போதுதான் பிடித்துவிட்டு எடுத்த மாதிரி அது கதகதப்பாக இருந்தது. சாத்தையா செத்து எரிந்து காலம் எவ்வளவு ஆயிற்று, அவர் கைச்சூடு இத்தனை காலம் இருக்காது. இது யார் கைச்சூடு என்று கேட்டுக்கொள்ளக்கூட மாயழகுவுக்குத் தைரியம் வரவில்லை.

கதவுக்கு வெளியே இரண்டு பெண்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆள் நிற்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

"நீயும் இந்த வீட்டுப் பொண்ணா தாயி?" என்று வெள்ளச்சி கேட்டாள். தன் சேலைத் தலைப்பால் பூமயிலின் ரத்தத்தை ஒற்றினாள். "நீ என்ன கேட்டு வந்த?"

"இன்னிக்குச் சண்ட போடத்தான் வந்தேன் ஆத்தா."

"போன தடவ?"

பூமயில் படியில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா சேல ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன். கட்டிக் கழிச்ச பழைய சேல. தொவச்சிட்டாகன்னா வாசம் போயிரும்ல, அதுக்குள்ள வாங்கிட்டுப் போயிருவோம்னு அவசரமா வந்தேன். வான்னு ஒரு வார்த்த சொல்லல. எப்படிக் கேப்பேன்?"

மாயழகு நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு பழைய சேலை. அவர் இரண்டு வருஷமாகக் காத்து வந்த கிழக்குச் செய்யை யாருமே கேட்கவில்லை. வெட்கம் என்றால் இதுதான் வெட்கம், உடம்பெல்லாம் எரிந்தது. வா என்கிற ஓரெழுத்தைத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் பெயர் போகும், கோட்டை போகும், தவசி சிரிப்பான், பேரன் காலம் வரைக்கும் சிரிப்பான். தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், அது அசையவில்லை, முதலில் வாய் திறக்க வேண்டியிருந்தது.

"வா பூமயிலு" என்றார். சத்தமே வரவில்லை. மறுபடி கத்திச் சொன்னார். "உள்ள வா தாயி! வாம்மா!"

தாழ்ப்பாள் கழன்றது. தெருவில் இருந்தவர்கள், திறந்து கிடந்த கதவு கிரீச்சென்று திறக்கிற சத்தத்தைக் கேட்டார்கள். பூமயில் அண்ணனைப் பார்த்தாள். கேட்க வந்த நாலு வார்த்தையும் மறந்துபோய், அவரைத் தாண்டி உள்ளே போனாள். மாயழகு படியில் இறங்கி, மற்றவளின் முன்னால் போய் நின்று, அவள் கையிலிருந்த கலயத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அந்தச் சீமையில் வீட்டுக்கு வந்த தங்கையின் கைச்சாமானை அண்ணன்தான் வாங்க வேண்டும்.

"வா ஆத்தா. எங்க ஓட்டன் கதவ அடைச்சிட்டாரு. அவருக்காக நான் சொல்றேன். வா."

வெள்ளச்சி படியேறினாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது, எதையும் அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள். மாயழகு தன் கையாலேயே சோற்றை அள்ளிக் கலயத்தில் போட்டு, பஞ்சவர்ணம் நீட்டிய பருப்பை ஊற்றி, விளிம்புவரை நிரப்பினார். ஒரு வாய் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போ என்று பூமயில் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"பிள்ள காத்துக்கிட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு, வெள்ளச்சி கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினாள். பின்னாலேயே ஓடிய கூட்டம் பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தில் அவளைத் தவறவிட்டது. நின்றிருந்த மினிபஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார்கள், பயணிகள் கொட்டகையின் பின்பக்கம் பார்த்தார்கள், எங்கேயும் இல்லை. எல்லாம் ஏமாற்று வேலை என்று முதலிலேயே சொன்னேனே என்று ஒவ்வொருத்தரும் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு அண்ணனும் தங்கையும் அங்கே போனார்கள். பூமயிலின் நெற்றியில் மஞ்சள் பற்று, கக்கத்தில் தாயாரின் நூல் சேலை. அதை மாயழகுதான் இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார். கொட்டகையின் கடைசியில், சிமெண்டுத் திண்டுக்குக் கீழே, கலயம் இருந்தது. காலி. தவசியும் இன்னும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"நாய் தின்னுருக்கும்" என்றார் தவசி.

மாயழகு கலயத்தை எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்தார். உள்பக்கம், அடியிலிருந்து விளிம்புவரைக்கும், மிச்சமே இல்லாமல் வழித்த தடம். ரொம்பச் சின்ன விரல்கள். பருப்பின் மஞ்சளில் நாலு கோடு, பக்கத்துப் பக்கத்தில். இதை இரண்டாம் தடவை பார்க்க அவருக்குத் தேவைப்படவில்லை.

"நாய் வெரலால வழிக்காது தவசி" என்றார்.

கோயில் வாசலில் பரஞ்சோதி ஆசாரி மற்ற வகையறாக்களை எல்லாம் வெட்டி முடித்து, உளியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். பெயர் வெட்டியாகிவிட்டது, அதற்குக் கீழே கதைக்கு இடம் விட்டிருக்கிறது, கோட்டையின் பெயரையும் போடட்டுமா அல்லது கோட்டைக் கதவு என்று மட்டும் போட்டால் போதுமா என்று கேட்டார். திருமேனியும் பங்காளிகளும் சுற்றி நின்றார்கள். மாயழகு கலயத்தைத் தங்கையின் கையில் கொடுத்தார்.

"கோட்டை இல்லய்யா. வீட்டுக் கதவுன்னு வெட்டு" என்றார். "யாருக்கு அடைச்சோம்னு அவ பேரையும் வெட்டு."